காது கூரையில, காசு பெட்டியில

"ஸ்கானர் ஒண்டு வாங்கப் போறன், எது நல்லது?" எங்கட பெடியள் பெட்டையள் இப்ப இதைத்தான் கேட்கினம். ஆரும் "என்ர கூரை எப்பிடி இருக்கு, என்ன வயர் இழுக்கலாம்?" எண்டு கேட்கிறதில்லை. பெட்டியின்ர நிறம், திரையின்ர அளவு, எத்தனை சனல் பதியலாம் எண்டதெல்லாம் மனப்பாடம். அன்ரெனா எண்டால் பெட்டியோட இலவசமா வாற ரப்பர் வால். வயர் எண்டால் கடைக்காரர் வெட்டித் தாறது. இந்த ஒழுங்கு தலைகீழ் எண்டு சொல்லத்தான் இதை எழுதுறன். நான் கலைப்பீட மாணவி. பொறியியல் படிச்ச ஆக்கள் இதைச் சொல்லியிருக்க வேணும், அவை சொல்லேல்ல. அதால நான் சொல்றன்.

முதல்ல, ஸ்கானர் எண்டது என்ன? அலைவரிசைகளை ஒண்டுக்குப் பின் ஒண்டா ஓடிப் பார்த்து, எங்க சத்தம் இருக்கோ அங்க நிக்கிற வாங்கி. அது ஒண்டையும் அனுப்பாது, கேட்க மட்டும் செய்யும். இப்ப கணினியில செருகிற விரலளவு யூஎஸ்பி வாங்கிகளும் வந்திட்டுது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் எண்டு சொல்லுவினம். அந்தச் சின்னச் சாமான் 25 மெகாஹேர்ட்ஸ் அளவில இருந்து 1700 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிற பெட்டியும் அதே காற்றில இருந்துதான் எடுக்குது. காற்றில இருந்து எடுத்துக் குடுக்கிறது அன்ரெனா. எடுத்ததைக் கீழ கொண்டு வாறது வயர். இந்த இரண்டும் தோற்றால் பெட்டிக்கு உள்ள போறது வெறும் இரைச்சல்தான்.

வயரில இருந்து தொடங்குவம், ஏனெண்டால் அங்கதான் ஆகக்கூடக் களவு போகுது. கோஆக்சியல் வயர் எண்டது நடுவில ஒரு செப்புக் கம்பி, சுத்திவரக் காப்பு, அதுக்கு மேல ஒரு பின்னல், வெளியால ஒரு உறை. சமிக்ஞை அதுக்குள்ளால ஓடேக்க கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். அலைவரிசை கூடக் கூட இன்னும் வேகமாச் சாகும். கூரையில இருந்து மேசைக்கு 15 மீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மெல்லிய ஆர்ஜி-58 வயரில 150 மெகாஹேர்ட்ஸில ஏறக்குறைய 3 டெசிபல் போகும். 3 டெசிபல் எண்டால் சரி பாதி. 1000 மெகாஹேர்ட்ஸுக்கு மேல போனால் அதே வயரில 10 டெசிபல் அளவு போகும். அதாவது பத்தில ஒண்டுதான் வீட்டுக்குள்ள வரும். மிச்சம் ஒன்பது பங்கும் வழியில சூடாப் போயிடும்.

இப்ப பரந்தன் சந்தியில, கிளிநொச்சியில எந்த டிஷ் பூட்டுற கடையிலயும் கிடைக்கிற ஆர்ஜி-6 வயரைப் பாருங்கோ. அதே 15 மீற்றருக்கு 150 மெகாஹேர்ட்ஸில ஒண்டரை டெசிபலுக்குள்ளதான் போகும். 1000க்கு மேலயும் 3 டெசிபல் அளவுதான். "அது 75 ஓம், ஸ்கானர் 50 ஓம், பொருந்தாது" எண்டு ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கோ: அந்தப் பொருந்தாமையால திரும்பிப் போறது நூற்றில நாலு பங்கு. பாதியை இழக்கிற வயரை "சரியான ஓம்" எண்டு வாங்கி, நாலு பங்குக்குப் பயந்து நல்ல வயரை விடுறதை என்னெண்டு சொல்றது? பணம் இருக்கிறவை தடிச்ச எல்எம்ஆர்-400 வாங்கட்டும், அது நல்ல சாமான்தான். இல்லாதவைக்கு டிஷ் வயர் தாராளமாக் காணும். அலுமினியப் பின்னல் எண்டதால ஈயம் பிடிக்காது. அழுத்திப் பூட்டுற எஃப் கனெக்ரர் போடுங்கோ. வெயிலுக்குக் கறுப்பு உறை உள்ளதைத்தான் வாங்குங்கோ. வெள்ளை உறை எங்கட வெயிலில வெடிச்சு, மாரி மழைத்தண்ணி உள்ள போகும். தண்ணி குடிச்ச வயர் பிறகு திருந்தாது.

அடுத்தது அன்ரெனா. "எல்லாத்தையும் பிடிக்கிற அன்ரெனா எது?" எண்டு கேட்டால், குடை விரிச்ச மாதிரிக் கம்பிகள் உள்ள டிஸ்கோனைக் காட்டுவினம். அது பொய்யில்லை. பரந்த அலைவரிசையைப் பிடிக்கும், ஆனால் ஒண்டையும் விசேஷமாப் பெருக்காது. நீங்கள் என்னத்தைக் கேட்கப் போறியள் எண்டு தெரிஞ்சால் அதுக்கெண்டு செய்த ஒரு கம்பி அதை வெல்லும். 75ஐ மெகாஹேர்ட்ஸால பிரியுங்கோ, வாறது கால் அலைநீளம், மீற்றரில. அமெச்சூர் வானொலிக்காரர் பேசுற 145 மெகாஹேர்ட்ஸுக்கு அது 52 சென்ரிமீற்றர். கம்பியில அலை கொஞ்சம் மெதுவா ஓடுறதால அஞ்சு வீதம் குறைச்சால் 49. 49 சென்ரிமீற்றரில ஒரு செப்புக் கம்பி நேரா மேல, 52இல நாலு கம்பி கீழ்ச் சரிவாய், நடுவில ஒரு சொக்கெற். முடிஞ்சுது. பழைய மின் வயரும் ஒரு பின்னேரமும் இருந்தால் காணும்.

பெருக்கி வைச்ச "பவர்" அன்ரெனா வாங்கித் தலையில அடிக்கிறவைக்கும் ஒரு சொல். பெருக்கி நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத்தான் பெருக்கும். பக்கத்து எஃப்எம், போன் கோபுரம் எல்லாம் பெருத்து வந்து வாங்கியைச் செவிடாக்கும். வேணுமெண்டால் அதைக் கூரையில, அன்ரெனாவுக்குக் கிட்டப் பூட்ட வேணும். வயரில செத்துப்போனதை மேசையில வைச்சுப் பெருக்கேலாது.

உயரம் பற்றியும் ஒரு வீம்பு இருக்கு. எண்பதுகளில தூர்தர்ஷன் பார்க்கவெண்டு யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு வீடு கம்பம் நட்ட சனத்தின்ர பிள்ளையள் நாங்கள், அது ரத்தத்தில ஓடுது. ஆனால் கணக்கு இரக்கமில்லாதது. வானொலி அடிவானத்தின்ர தூரம் கிலோமீற்றரில ஏறக்குறைய 4.12ஐ உயரத்தின்ர வர்க்கமூலத்தால பெருக்கி வாறது. 4 மீற்றரில வைச்சால் 8 கிலோமீற்றர், 9 மீற்றரில 12, 16 மீற்றரில 16. முதல் அஞ்சு மீற்றர் நாலு கிலோமீற்றர் தரும், அடுத்த ஏழு மீற்றரும் அதே நாலைத்தான் தரும். பரந்தன் தட்டை நிலம், வயல்வெளி. ஒன்பது மீற்றர் கம்பம் இங்க காணும். அதுக்கு மேல போற காசை வயருக்கும் நிலக்கம்பிக்கும் போடுங்கோ. வீட்டுத்திட்ட வீடு எண்டால் ஓட்டில கட்டாதையுங்கோ, சுவரில பிடிப்பியுங்கோ. தகரக் கூரைக்குக் கீழ அன்ரெனா வைக்கிறது பானைக்குள்ள தலையை விட்டுக்கொண்டு சந்தியில என்ன நடக்குது எண்டு கேட்கிற மாதிரி. ஐப்பசி இடி எப்பிடிப் பனையைப் பிளக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கம்பத்துக்கு நிலக்கம்பி கட்டாயம், முழக்கம் கேட்டால் வயரைக் கழற்றி வெளியால போடுங்கோ.

"இதெல்லாம் எதுக்கு? போனில எல்லாம் வருதே" எண்டு கேட்பியள். உண்மையான சண்டை இங்கதான். 2018 டிசம்பரில இரணைமடுவின்ர வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில கிடந்தது. 2020 டிசம்பரில புரெவி வந்தது. 2025 நவம்பர் கடைசியில டித்வா வந்து நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட சனத்தைக் கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும் ஒரே கதை: கரண்ட் போகும், பிறகு போன் கோபுரத்தின்ர பற்றரி சாகும், பிறகு முகநூலில போட்ட எச்சரிக்கை ஆருக்கும் போய்ச் சேராது. குளம் திறக்கப் போறாங்கள் எண்ட செய்தி, தண்ணி வாசலுக்கு வந்தாப்பிறகு வந்து என்ன பிரயோசனம்?

இதுக்கு நேர் எதிரா ஒண்டைச் சொல்லட்டே. ருஷ்யாவின்ர மெட்டியோர் எண்ட காலநிலைச் செய்மதிகள் 137 மெகாஹேர்ட்ஸில, பூட்டு இல்லாமல், எல்லாருக்கும் எண்டு படம் அனுப்புது. அமெரிக்காவின்ர பழைய நோவா செய்மதிகளும் அப்பிடி அனுப்பினது, 2025இல அதுகளை நிப்பாட்டிப் போட்டினம். மெட்டியோர் இன்னும் ஓடுது. 53 சென்ரிமீற்றரில இரண்டு அலுமினியக் கம்பி, 120 பாகையில வி வடிவத்தில, படுக்கையா. அதுதான் அன்ரெனா. இதுக்குக் கம்பம்கூட வேண்டாம், திறந்த வானம் காணும். ஒரு நாளைக்குச் சில தடவை மேலால போகேக்க வங்காள விரிகுடாவின்ர முகில் உங்கட மேசைக்கு வரும். டேற்றா தேவையில்லை. மடிக்கணினியில பற்றரி இருந்தால் போதும். புயல் எந்தப் பக்கம் சுத்துது எண்டதைப் பரந்தனில ஒரு உயர்தர மாணவி தன்ர கண்ணால பார்க்கலாம். இதுக்கு மேல என்ன வேணும்?

கேட்கிறது எங்கட சனத்துக்குப் புதுசும் இல்லை. தொண்ணூறுகளின்ர பொருளாதாரத் தடையில பற்றரி வன்னிக்குள்ள வர விடேல்ல. சனம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி, வானொலி கேட்டது. ஒருத்தர் மிதிக்க பத்துப்பேர் கேட்டது. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று தன்ர வானொலிச் சேவையை நிப்பாட்டினது. மிதிச்சுக் கேட்ட தலைமுறையின்ர பிள்ளையள் நாங்கள் இண்டைக்குச் சிக்னல் இல்லை எண்டால் கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கிறம்.

இன்னொண்டும் இருக்கு: பயம். கூரையில கம்பி எண்டவுடன அம்மாமார் நடுங்குவினம். அந்தப் பயத்தைப் பகிடி பண்ண எனக்கு விருப்பமில்லை, அதுக்குக் காரணம் இருக்கு. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில வானொலி நிலையத்தின் மேல விமானம் குண்டு போட்டது. ஊழியர்களும் பொதுமக்களும் செத்தினம். யுனெஸ்கோவின்ர அப்போதைய தலைமை இயக்குநர் கோய்ச்சிரோ மட்சூரா அதைக் கண்டிச்சார். அன்ரெனா எண்டது எங்கட ஊரில குண்டு விழுற இடத்தின்ர அடையாளமா இருந்தது. ஆனபடியால் சட்டத்தைத் தெரிஞ்சுகொண்டு செய்யுங்கோ. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கு. கருவிக்கு என்ன அனுமதி வேணும் எண்டு வாங்க முதலே எழுத்தில கேளுங்கோ. எல்லாருக்கும் எண்டு அனுப்பாத பேச்சை, பொலிஸ் எண்டாலும் படை எண்டாலும், ஒட்டுக் கேட்காதையுங்கோ. அது வீரமில்லை, வீட்டுக்காரரை மாட்டிவிடுற வேலை. பகிரங்கமாக் கேட்கக்கூடியதே ஒரு ஆயுளுக்குக் காணும்: ஒலிபரப்புகள், செய்மதிகள், அமெச்சூர் அலைவரிசைகள். 2004 ஆழிப்பேரலையில போன் அறுந்தபோது அம்பாந்தோட்டையில இருந்து செய்தி கொண்டுவந்தது இலங்கை அமெச்சூர் வானொலிக்காரர்தான். பரீட்சை எழுதி அனுமதி எடுத்தால் நாங்களும் அந்த வரிசையில நிக்கலாம். வன்னியில அப்பிடி எத்தனை பேர் வேணும் எண்டு யோசியுங்கோ.

சட்டத்துக்குப் பணிஞ்சுதான் கேட்கிறம் எண்டால், எங்களுக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை இருக்கு. அமெரிக்காவில 162.400 தொடக்கம் 162.550 மெகாஹேர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசை, இரவு பகலாக் காலநிலையும் ஆபத்து எச்சரிக்கையும் மட்டும் சொல்லுது. எங்கட மண்ணில, கொக்காவிலில, 170 மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம் 2011இல திறந்தாச்சு. மேல சொன்ன அதே கணக்கைப் போட்டால் அதின்ர அடிவானம் 54 கிலோமீற்றர். பரந்தனும் அதுக்குள்ள, முல்லைத்தீவும் அதுக்குள்ள. பாட்டும் விளம்பரமும் அனுப்ப உயரம் காணுமெண்டால், "இரணைமடு இத்தனை மணிக்குத் திறக்கப்படும்" எண்டு தமிழில ஒரு வரி சொல்லவும் அது காணும். இல்லாதது கோபுரமில்லை, சொல்ல வேணும் எண்ட எண்ணம்தான்.

அந்த எண்ணம் வரும் வரைக்கும் கோரிக்கை எழுதுவம், கேட்டுக்கொண்டே இருப்பம். அதுவரைக்கும் எங்கட கையில இருக்கிறதைச் செய்வம். பெட்டிக்கு எண்டு சேர்த்த காசில பாதியைக் கூரைக்கு ஒதுக்குங்கோ: கறுப்பு உறை ஆர்ஜி-6, அளந்து வெட்டின கம்பி, ஒன்பது மீற்றர் குழாய், நிலக்கம்பி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாசிகசாலையின்ர கூரையில ஒண்டு இருந்தால் அடுத்த மாரிக்கு நாங்கள் குருடரும் இல்லை, செவிடரும் இல்லை. விலை கூடின பெட்டியை மேசையில வைச்சுப் படம் எடுத்துப் போடுறவை போடட்டும். மழை வாற இரவில ஆருக்குக் கேட்குது எண்டு பார்ப்பம்.