விலை கொடுப்பவர் யார்?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்." காற்பந்து ரசிகர்கள் கூடும் இடத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. பின்னிரவு நேரம், மாமாக் கடையின் பெரிய திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் உக்ரேனைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் காஸாவைப் பற்றிக் கேட்பார். மூன்றாமவர் தே தாரேக்கை ஒரு மிடறு குடித்துவிட்டு இந்த வாக்கியத்தைச் சொல்லி விவாதத்தை முடித்து வைப்பார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இதை யார் எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். தமக்குப் பிடித்த நாடு தண்டிக்கப்படும்போது இப்படிச் சொல்கிறவர்கள், பிடிக்காத நாடு தண்டிக்கப்படும்போது வாய் திறப்பதில்லை. பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இந்தத் தொனி புதிதல்ல. 'மாணவருக்கு எதற்கு அரசியல்?' என்று 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் நம் மூத்த மாணவர்களைப் பல்லாண்டுகள் அதட்டி வைத்திருந்தது. 2012-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மாணவர் அரசியல் கட்சியில் சேர வழி பிறந்தது. 'உனக்கு அரசியல் வேண்டாம்' என்று ஒருவரிடம் சொல்லப்பட்டால், அவரைப் பற்றிய முடிவை வேறொருவர் எடுக்கப்போகிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஆகவே, விளையாட்டில் அரசியல் கலக்கலாமா கூடாதா என்ற பட்டிமன்றத் தலைப்பே பிழையானது என்பது என் கருத்து. அது என்றோ கலந்துவிட்டது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கலக்கும்போது அதற்கு விலை கொடுப்பவர் யார்?

துங்குவின் நாற்காலிகள்

வேறெங்கும் போக வேண்டாம். நம் நாட்டிலிருந்தே தொடங்கலாம். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவரே. சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டிலேயே 'பெஸ்தா போலா மெர்டேக்கா' போட்டி தொடங்கப்பட்டது. புதிதாகப் பிறந்த ஒரு நாடு தன்னை ஆசியாவுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளக் காற்பந்தைக் காட்டிலும் எளிய மொழி இருந்திருக்காது. சுதந்திரம் அறிவிக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கமே காற்பந்தின் தாய்வீடாகவும் ஆனது.

அதே துங்குதான் 1960-இல் இலண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையைத் துணிந்து எதிர்த்தவர். மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது. காற்பந்தும் வெளியுறவும் ஒரே மனிதரின் மேசையில் இருந்த நாடு இது. இங்கே நின்றுகொண்டு 'இரண்டும் வேறு வேறு' என்று சொல்வது வரலாற்றை மறப்பதாகும்.

மாஸ்கோவுக்குப் போகாத அணி

1972-இல் மியூனிக் ஒலிம்பிக் காற்பந்தில் மலேசியா கலந்துகொண்டு, அமெரிக்காவை 3-0 என்று வென்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1980 ஏப்ரலில், மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவர் சபாவிலிருந்து வந்த ஜேம்ஸ் வோங். சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி எனப் பல இனத்தவரும் தோளோடு தோள் நின்ற அணி அது. கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் நம்மவர், ஆர்.ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றார்கள். 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தால் இந்தக் கதை நம் தலைமுறைக்கும் ஓரளவு தெரியும்.

ஆனால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன. அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவில் கலந்துகொள்ளவில்லை. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது. காலிறுதி வரைக்கும் சென்றது.

அன்றைய அரசின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு சிறிய நாட்டின் மீது வல்லரசு படையெடுப்பதை இன்னொரு சிறிய நாடு கண்டிக்காவிட்டால் வேறு யார் கண்டிப்பது? என் கேள்வி நோக்கத்தைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. அந்தக் கண்டனத்துக்கு மலேசியா என்ன கொடுத்தது? சோவியத் யூனியன் அன்று மலேசிய ரப்பரை வாங்கிய முக்கிய நாடுகளுள் ஒன்று. அந்த வணிகம் நிற்கவில்லை. தோட்டப்புறத்தில் நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால்மரத்தின் ரப்பர் சோவியத்துக்குக் கப்பலேறலாம். நம் கோல் காவலர் மட்டும் விமானம் ஏறக் கூடாது! 1987-இல் நம் பிரதமரே மாஸ்கோவுக்கு அதிகாரப் பயணம் மேற்கொண்டார். அப்போதும் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில்தான் இருந்தன. அவை வெளியேறியது 1989 பிப்ரவரியில்.

அமெரிக்காவின் கணக்கும் இப்படித்தான். சோவியத்துக்குத் தானியம் விற்கக் கார்ட்டர் 1980 ஜனவரியில் விதித்த தடையை, ரீகன் 1981 ஏப்ரலிலேயே நீக்கிவிட்டார். விவசாயிக்குச் சந்தை திரும்பக் கிடைத்தது. விளையாட்டாளருக்கு 1980 திரும்பக் கிடைக்கவில்லை. அரசாங்கங்களுக்கு நூறு ஆண்டு ஆயுள். காற்பந்து ஆட்டக்காரருக்குப் பத்தாண்டு ஆயுள். நூறு ஆண்டுக்காரர் தம் கொள்கைக்காகப் பத்து ஆண்டுக்காரரின் பையிலிருந்து பணம் எடுத்ததுதான் 1980-இல் நடந்தது.

வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. பிரிட்டனில் பிரதமர் தாட்சர் புறக்கணிப்பை வற்புறுத்தினார். ஆனால், பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் தன் வீரர்களை அனுப்பியது. செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் ஓவட்டும் மாஸ்கோவில் தங்கம் வென்றார்கள். தேசியக் கொடிக்குப் பதில் ஒலிம்பிக் கொடி ஏறியது. கண்டனமும் பதிவானது, வீரரின் உழைப்பும் வீணாகவில்லை. இந்தியா புறக்கணிப்பில் சேரவே இல்லை. அதே மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமையேற்றுத் தங்கம் வாங்கியவர் சென்னைத் தமிழர் வி.பாஸ்கரன். ஆறுமுகமோ ஒலிம்பிக் திடலில் கால் வைக்காமலேயே 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். மலேசியக் காற்பந்து அணி அதன் பிறகு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை.

தென்னாப்பிரிக்கா ஏன் வேறு?

அப்படியென்றால் எல்லாப் புறக்கணிப்பும் தவறா? இல்லை. தென்னாப்பிரிக்கா இதற்கு விடை சொல்கிறது.

1957-இல் ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டி முதன்முறையாகக் கார்ட்டூமில் நடந்தபோது, கலப்பு அணியை அனுப்ப மறுத்ததால் தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது. 1961-இல் ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. அந்நாட்டின் வெள்ளையர் சங்கம் ஒரு சமரசத் திட்டத்தையும் முன்வைத்தது: 1966 உலகக் கிண்ணத்துக்கு முழு வெள்ளையர் அணி, 1970-க்கு முழுக் கறுப்பர் அணி! இதைவிடப் பெரிய கேலிக்கூத்து காற்பந்தில் உண்டா? 1976-இல் தென்னாப்பிரிக்கா முற்றாக வெளியேற்றப்பட்டது. நிறவெறிச் சட்டங்கள் வீழ்ந்த பிறகு, 1992-இல்தான் திரும்பியது.

இதற்கும் 1980-க்கும் உள்ள வேறுபாடுகள் தெளிவானவை. முதலாவதாக, குற்றம் விளையாட்டுத் திடலுக்குள்ளேயே இருந்தது. தோலின் நிறத்தைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு விதியையே மீறுவது. நேட்டாலில் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் வெள்ளையரோடு ஒரே அணியில் ஆட முடியாத நிலை இருந்தது. 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற இந்திய வம்சாவளியினரான பாப்வா செவ்கோலம், மனமகிழ் மன்றக் கட்டடத்துக்குள் நுழைய அனுமதியின்றி, மழையில் நின்று கிண்ணத்தை வாங்கினார். இரண்டாவதாக, தடை வேண்டும் என்று கேட்டவர்களில் பாதிக்கப்பட்ட விளையாட்டாளர்களும் இருந்தார்கள். கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் போன்றவர்கள் அதற்காகச் சிறை சென்றார்கள். மூன்றாவதாக, அது ஒரு கோடைக்காலத்துக் கோபமன்று. முப்பது ஆண்டு விடாப்பிடி.

இன்றைய கணக்கு

இந்த மூன்று அளவுகோல்களை வைத்து இன்றைய செய்திகளைப் பார்க்கலாம்.

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. நான்கே நாளில், பிப்ரவரி 28-இல், ஃபிஃபாவும் ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமும் ரஷ்யாவை இடைநீக்கம் செய்தன. 'பொது இடத்தில், கொடியில்லாமல் ஆடலாம்' என்றுதான் ஃபிஃபா முதலில் சமாளித்தது. அதை ஏற்காமல், உலகக் கிண்ண வாய்ப்பே போனாலும் ரஷ்யாவுடன் ஆட மாட்டோம் என்று போலந்து அறிவித்தது. லெவன்டோவ்ஸ்கி முதலான ஆட்டக்காரர்களே அதை ஆதரித்தார்கள். விலை கொடுக்க வேண்டியவர்கள் தாங்களாக முன்வந்தார்கள். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால், 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாட்டில் இஸ்ரேலை இடைநீக்கம் செய்யப் பாலஸ்தீனக் காற்பந்துச் சங்கம் கோரியபோது, சட்ட ஆலோசனை பெற வேண்டும் என்று முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஒருவருக்கு நான்கு நாளில் முடிவு, இன்னொருவருக்குத் தள்ளிவைப்பு. பாதிக்கப்பட்டவர்களே எழுந்து நின்று கேட்ட கோரிக்கை அது. இந்த இரட்டை அளவுகோலைக் கண்டிக்காமல் ஃபிஃபா நியாயம் பேசினால், அந்த நியாயம் யார் காதிலும் ஏறாது.

அதே நேரத்தில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2019-இல் கூச்சிங்கில் நடக்கவிருந்த உலக மாற்றுத்திறனாளிகள் நீச்சல் போட்டி, இஸ்ரேலிய வீரர்களுக்கு நம் அரசு விசா மறுத்ததால் இலண்டனுக்கு மாற்றப்பட்டது. பாலஸ்தீனர் பக்கம் நிற்பது சரி. ஆனால், அந்த முடிவால் இஸ்ரேலிய அரசாங்கம் எதை இழந்தது? சொந்த மண்ணில், சொந்த மக்களின் கைத்தட்டலோடு நீந்தும் வாய்ப்பை இழந்தவர்கள் நம் மாற்றுத்திறனாளி வீரர்களே. 1980-இன் கணக்கு மீண்டும் ஒரு முறை எழுதப்பட்டது.

ரசிகனின் பங்கு

அரசுகளை மட்டும் கேட்டால் போதாது. ரசிகர்களாகிய நாமும் இந்தக் கணக்கில் இருக்கிறோம். 2022-இல் கத்தாரில் உலகக் கிண்ணம் நடந்தபோது, ஐரோப்பிய அணித்தலைவர்கள் 'ஒன் லவ்' கைப்பட்டையை அணியவிருந்தார்கள். மஞ்சள் அட்டை காட்டப்படும் என்று ஃபிஃபா மிரட்டியதும் ஏழு அணிகள் பின்வாங்கின. 'கோழைகள்' என்று உலகெங்கும் ரசிகர்கள் ஏசினார்கள். ஆட்டக்காரர் மஞ்சள் அட்டை வாங்க வேண்டும் என்று சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்பது எளிது. அந்த அரங்குகளைக் கட்டிய நேப்பாள, வங்காளதேச, இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி நாம் எவ்வளவு பேசினோம்? கடவுச்சீட்டு முதலாளி கையில், கடன் ஊரில், உடல் வெயிலில்: இந்த வாழ்க்கை நமக்கு அந்நியமானதா? கப்பலேறி வந்து தோட்டத்துக் கூலிகளாக உழைத்தவர்களின் வாரிசுகள் நாம். மலேசியத் தமிழ் ரசிகன் கத்தார் ஆட்டத்தைப் பார்க்கும்போது மற்றவர்களைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கக் கடமைப்பட்டவன்.

ஆட்டத்தையே பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஆறுமுகத்தைத் தெரிந்துகொண்ட எவரும் காற்பந்தை வெறுக்க முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான். ஓர் அரசு புறக்கணிப்பு என்று அறிவித்தால், முதலில் அந்த அரசு தன் வணிகத்தில் எதை நிறுத்தியது என்று கேட்போம். விளையாட்டாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டதா என்று கேட்போம். பாதிக்கப்பட்ட மக்கள் இதைத்தான் கோரினார்களா என்று கேட்போம். மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், நமக்குப் பிடித்த அணியே ஆட்டத்தை இழந்தாலும் துணை நிற்போம். பதில் இல்லையென்றால், அது கொள்கையன்று; அடுத்தவர் செலவில் வாங்கிய நற்பெயர்.

நம்மில் சிலர் நாளை அரசுத் துறைகளில் அமர்வோம். சிலர் செய்தியாளர் ஆவோம். சிலர் விளையாட்டுச் சங்கங்களில் பொறுப்பேற்போம். முடிவெடுக்கும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் நாளில், அந்த அறையில் இல்லாத ஆட்டக்காரருக்காக ஒருவராவது கை உயர்த்த வேண்டும். 1980-இல் தகுதி பெற்றும் வீட்டிலேயே இருந்த அந்த அணிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதுவே.