வாடாத தோரணம் வேண்டுமா?

குழந்தைகளே! இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் எழுந்து போய், உங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். மாவிலைத் தோரணம் தொங்குகிறதா? ஓர் இலையைத் தொட்டுப் பாருங்கள். அது இலையா, பிளாஸ்டிக்கா?

சங்ககிரியில் எங்கள் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பிளாஸ்டிக்தான். வாசலில் கோலம் இருக்கிறது; அது ஸ்டிக்கர். சாமி படத்துக்குச் சாமந்தி மாலை இருக்கிறது. அதை மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டுகிறார்கள்!

எதிர்வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். "இது எதற்கம்மா?" என்று அவளிடம் கேட்டேன். "டீச்சர், இது வாடவே வாடாதுங்க. ஒருக்கா வாங்கினா அஞ்சு வருசத்துக்கு வரும்" என்றாள். கெட்டிக்காரி. அவளுக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வாடாது என்பது உண்மை. ஆனால், ஐந்து வருடம் கழித்து அது எங்கே போகும்? வெயிலில் வெளுத்து, தூசி படிந்த தோரணம் போகி அன்று விடியற்காலையில் தெருமுனை நெருப்புக்குப் போகிறது. அந்தக் கரும்புகை உங்கள் மூக்கில்தான் ஏறுகிறது. மாவிலை காய்ந்தால் எருக்குழியில் போடலாம், மக்கி உரமாகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, டம்ளர், உறிஞ்சு குழல், கொடி என்று பலவற்றுக்குத் தடை இருக்கிறது. கடைக்குத் துணிப்பை எடுத்துக்கொண்டு போகிற நாம், வாசலில் மட்டும் பிளாஸ்டிக்கைத் தொங்கவிட்டு வரவேற்பு சொல்கிறோம். வேடிக்கைதான்!

நம் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காப்புக் கட்டுவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தின நாள், போகி அன்று, பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு கட்டாகக் கட்டி, வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் வயலிலும் செருகி வைப்போம். பூளைப்பூ வெள்ளைப் பஞ்சு போல இருக்கும். ஆவாரம்பூ நல்ல மஞ்சள். நடுவில் இரண்டு பச்சை. எந்தக் கடையில் அப்படி ஒரு வண்ணச் சேர்க்கை கிடைக்கும்? காட்டோரத்திலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துக் கிடப்பவை அவை. காசே கிடையாது. (இப்போது சந்தையில் கட்டு கட்டாக விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

இதைக் கட்டினால் வீட்டுக்குள் நோய்க்கிருமியே வராது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்த வாதத்துக்கு வரவில்லை. அழகாக இருக்கிறது, நம் மண்ணில் முளைத்தது, நம் கையால் கட்டியது. இவை போதாதா? பறிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பூளைச் செடியை வேரோடு பிடுங்காமல் கிளையை மட்டும் ஒடியுங்கள். விதை விழுந்தால்தானே அடுத்த தை மாதத்துக்குச் செடி இருக்கும்!

ஜப்பான் நாட்டிலும் புத்தாண்டுக்கு வாசலில் மூங்கிலும் பைன் மரக்கிளையும் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். சில நாட்களில் எடுத்துவிடுவார்கள். அடுத்த வருடம் மறுபடியும் புதிதாகக் கட்டுவார்கள். வாடுவதால்தான் ஒவ்வொரு வருடமும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கட்ட வேண்டியிருக்கிறது. வாடாத தோரணத்தை ஆணியில் ஒருமுறை மாட்டிவிட்டால் அப்புறம் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே வருவோம். அதே சிறுமியின் வீட்டுத் திண்ணையில் அவள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும். அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள். ஒருநாள் உற்றுப் பார்த்தேன். நல்ல பவானி ஜமுக்காளம்! உள்ளே கூடத்திலோ, வழுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை.

பவானி நமக்குத் தொலைவில் இல்லை. குமாரபாளையம் போய்க் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானிதான். காவிரியும் பவானி ஆறும் கூடும் ஊர் அது. அங்கே ஜமுக்காளத்தைக் குழித்தறியில் நெய்கிறார்கள். தரையில் ஒரு குழி. நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். மேலே கை வேலை, கீழே கால் வேலை, இரண்டும் ஒன்றாக நடக்கும். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்வது ஒரு வகை. கரையில் பூ வேலைப்பாடு வேண்டும் என்றால் வழுவழுப்பான செயற்கைப் பட்டு நூலைச் சேர்ப்பார்கள். நெய்த பிறகு புரட்டிப் போட்டால் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்றே தெரியாது. கல்யாண வீட்டில் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், உருண்டு விளையாடியவர்கள் உங்கள் தாத்தா பாட்டி.

2005-06ஆம் ஆண்டில் பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் நெய்ததை 'பவானி' என்று சொல்லி விற்கக் கூடாது என்பது அதன் பொருள். அதற்கும் முன்பே, 1985இல், கைத்தறிக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஜமுக்காளம் உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், விசைத்தறியில் நெய்யக் கூடாது என்கிறது அது. நம் பக்கத்தில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. என் மாணவர்களில் பலர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நெய்ய வேறு துணிகள் இருக்கின்றன. குழித்தறிக்காரருக்கு இருப்பது இது ஒன்றுதான். சட்டமும் குறியீடும் இருந்து என்ன? வாங்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் அந்தக் குழியில் அடுத்து யார் உட்காருவார்கள்?

"விலை அதிகமாயிற்றே டீச்சர்" என்பீர்கள். பிளாஸ்டிக் பாயைவிட அதிகம்தான். எல்லா வீட்டிலும் நினைத்தவுடன் வாங்க முடியாது. அதனால் புதிது வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள். முதலில் பரணைத் தேடுங்கள். பழைய பெட்டிக்குள் அம்மாயியின் சுங்குடிச் சேலையோ, சேலம் வெண்பட்டு வேட்டியோ, பூச்சி அரிக்கத் தொடங்கிய ஜமுக்காளமோ கட்டாயம் இருக்கும். வெயிலில் போட்டு, தட்டி எடுத்து, கூடத்தில் விரியுங்கள். என்றாவது புதிதாக வாங்க நேர்ந்தால், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுச் சிறுமியிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிள் மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. சாயங்காலம் போனபோது கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் அவளும் தம்பியும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரீஸ் கறை ஒரு மூலையில் அப்படியே இருந்தது. இரண்டு முறை துவைத்தும் போகவில்லையாம்.

பிளாஸ்டிக் தோரணத்தை மட்டும் அவள் அம்மா கழற்றவில்லை. "போன தீபாவளிக்குத்தானுங்க டீச்சர் வாங்கினேன், காசு போட்டதுங்க" என்றார். அதுவும் நியாயம்தான். போகிக்கு அதன் பக்கத்திலேயே காப்புக் கட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். பூளைப்பூவை எங்கே பறிப்பது என்று அந்தப் பெண் இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறாள். எந்த இடம் என்று என்னிடம்கூடச் சொல்ல மறுக்கிறாள்!