மூட்டைக்கு உள்ள வழி

பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் எங்கள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். காவிரி வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்ட பேரன் ரங்கனுக்காக ஒரு பாட்டி அழுதாளாம். பெருமாளே பேரனாக வந்து அவள் கையால் பழையது சாப்பிட்டாராம். அந்தப் பாட்டியை மறக்காமல் இன்னமும் வருகிறார். ஆற்றைக் கடந்து, ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில், ஆடி அசைந்து வருகிறார். தோளில் ஏறி வருவது பெருமாளுக்கு அழகு, தூக்குகிறவர்களுக்குப் பாக்கியம்.

மனிதனைத் தூக்குவதில் அழகும் கிடையாது, பாக்கியமும் கிடையாது. சந்தேகமிருந்தால் நம் ரயில்வே ஸ்டேஷன்களுக்குப் போய்ப் பாருங்கள்.

எனக்கு ஒரு சிநேகிதர். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டுவிட்டது. சக்கர நாற்காலிதான் வாகனம். கணக்கு எழுதுவது தொழில். நாலைந்து ஊர்க் கடைக்காரர்கள் அவரை நம்பியிருக்கிறார்கள். ஒரு நாள் அவரோடு நானும் ரயிலுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஸ்டேஷன்களெல்லாம் தப்பித்துக்கொள்ளும். முதல் பிளாட்பாரத்தில் வரவேண்டிய வண்டி மூன்றாவதில் வரும் என்று ஒலிபெருக்கி பத்து நிமிஷம் முன்னால் அறிவித்தது. கூட்டம் மேம்பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் படிகளைப் பார்த்தேன்.

ஒரு போர்ட்டர், இரண்டு கல்லூரிப் பையன்கள், நான் என்று நாலு பேர் நாற்காலியை நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கிற்று, இறக்கி வைத்தோம். அந்த வழியே போன ஓர் அம்மாள், "ஐயோ பாவம்" என்று அவர் மடியில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டுப் போனாள். வருமான வரி கட்டுகிற மனுஷர் அவர்! வண்டி கிளம்பி வெகு நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது எல்லாருக்கும் ஒரு நாள்தான், ஸார். எனக்கு மாசம் இரண்டு தடவை."

அந்தப் பையன்களையோ அம்மாளையோ நான் குறை சொல்லவில்லை. நம் ஜனங்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த இரக்கம்தான் ஆபத்து என்கிறேன். தூக்க நாலு பேர் கிடைக்கிற வரையில் சாய்தளம் எதற்கு, லிஃப்ட் எதற்கு என்று கட்டுகிறவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தூக்குகிற கைகள் எல்லாம் நல்ல கைகளாகவும் இருப்பதில்லை. பெட்டிக்குள் தூக்கி வைக்க வந்த போர்ட்டர்கள் தகாத முறையில் கை வைத்தார்கள் என்று மும்பையைச் சேர்ந்த விராலி மோடி 2017-இல் பகிரங்கமாக எழுதினார். அவருடைய மனுவில் லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகுதான் எர்ணாகுளம் போன்ற சில ஸ்டேஷன்களில், பெட்டி வாசலில் வைக்கிற சாய்பலகையும் உள்ளே நுழையக்கூடிய ஒடுக்கமான நாற்காலியும் வந்தன. ஒரு பெண் தன் அவமானத்தை ஊரறியச் சொன்ன பிறகு, ஒரு பலகை!

பிளாட்பாரத்தின் கோடிக்கு என்றைக்காவது போயிருக்கிறீர்களா? பல ஸ்டேஷன்களில் அது அங்கே சரிந்து தரையோடு தரையாக இறங்கும். அங்கிருந்து தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு பாதை அடுத்த பிளாட்பாரத்துக்குப் போகும். பார்சல் தள்ளுவண்டி உருண்டு போவதற்காகப் போட்ட பாதை அது. மீன் கூடையும் மோட்டார் சைக்கிளும் அந்த வழியாக ஒரு படிகூட ஏறாமல் சௌகரியமாகப் போகின்றன. அதைப் போட்ட என்ஜினீயருக்குச் சக்கரம் படியேறாது என்ற ஞானம் நன்றாகவே இருந்திருக்கிறது. சக்கரத்தின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. வேறு போக்கில்லாத சக்கர நாற்காலிக்காரர்கள், இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அதன் மேல் உருள்கிறார்கள். அனுமதியில்லாமல் தண்டவாளத்தைக் கடந்தால் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. மூட்டையை யாரும் சிறையில் போடுவதில்லை.

சரி, எப்படியோ பிளாட்பாரம் போய்ச் சேர்ந்தாயிற்று. உயர்ந்த பிளாட்பாரம் என்பது தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 சென்டிமீட்டர். பெட்டியின் தளமோ 120 சென்டிமீட்டருக்கும் மேலே. நடுவே நிற்கிறது ஒரு முழம். நமக்கு அது ஒரு எட்டு, சிநேகிதருக்கு மலைக்கோட்டை. தனிப் பெட்டி ஒன்று உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலும் அது வண்டியின் கோடியில் இருக்கும். சின்ன ஸ்டேஷன்களில் அந்தக் கோடி எங்கே போய் நிற்கும் என்பது கூரையைத் தாண்டி மழையில் ஓடியவர்களுக்குத் தெரியும்.

பெயர் விஷயத்தில் மட்டும் நாம் மகா தாராளம். ஊனமுற்றோர் என்றோம், அது மனத்தைப் புண்படுத்துகிறது என்று மாற்றுத்திறனாளி என்றோம். நல்ல சொல்தான். டில்லிக்காரர்கள் ஒரு படி மேலே போய் (படி என்பது தானாகவே வந்துவிட்டது, மன்னிக்கவேண்டும்) 'திவ்யாங்' என்கிறார்கள். தெய்விக அங்கம் என்று அர்த்தமாம். அப்படியானால் ஸ்டேஷனுக்கு எட்டு ஸ்ரீபாதம் தாங்கிகளையும் சர்க்கார் நியமித்துவிடலாம்.

டிக்கெட்டில் முக்கால் பங்கு சலுகை தருகிறார்கள். கூட வருகிற துணைக்கும் அதே சலுகை. ஆனால் கால் ஊனத்துக்காக அதைப் பெற, 'துணையில்லாமல் பிரயாணம் செய்ய இயலாதவர்' என்று டாக்டர் சான்று தரவேண்டும். தனியாகப் போக ஆசைப்படுகிறவன், தன்னால் முடியாது என்று எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியவேண்டும்! அவனால் முடியாது என்பது பொய். அவனால் முடியாதபடி கட்டியிருக்கிறோம் என்பதுதான் நிஜம்.

சட்டத்துக்கும் குறைவில்லை. 1995-இல் ஒன்று, 2016-இல் அதைவிடப் பெரியதாக ஒன்று. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற மனிதர் 2005-இல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு வேடிக்கையை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கட்டாயம் செய் என்று சட்டம் சொன்னதை, விதிகள் எழுதியவர்கள் செய்தால் நல்லது என்கிற யோசனையாக இளக்கியிருந்தார்கள். அந்த விதி செல்லாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை மூன்று மாதத்தில் வகுக்கவேண்டும் என்றது கோர்ட்டு. வழக்குப் போட்டுப் பத்தொன்பது வருஷம் கழித்து!

"சக்கர நாற்காலியில் யார் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள்? ஒருவரையும் காணோமே" என்று என்னிடம் கேட்டார் ஓர் உத்தியோகஸ்தர். இலையே போடாமல், சாப்பிட ஆளில்லை என்று பந்தியை மூடுகிற கதை இது. 2011 ஜனத்தொகைக் கணக்கில் உடல் குறையுள்ளவர்கள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 11.8 லட்சம். இதில் உங்கள் முழங்கால் வலியும், உங்கள் மருமகளின் எட்டாம் மாசமும் சேரவில்லை.

லண்டன் பாதாள ரயிலின் 272 ஸ்டேஷன்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படியேறாமல் போகலாம் என்றும் அவரே எடுத்துக்காட்டினார். உண்மைதான். 1863-இல் தொடங்கிய ரயில் அது. ஆனால் எந்த ஸ்டேஷனில் படியில்லை என்று அங்கே வரைபடத்திலேயே குறி போட்டிருக்கிறார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடுகிறது. லண்டன் எதற்கு? 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, பெட்டியும் பிளாட்பாரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அதைக் கட்டியவர்கள் தேவலோகத்துத் தச்சர்கள் அல்ல.

2025 மே மாதம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைப் புதுப்பித்துத் திறந்தார்கள், சந்தோஷம். ஜீயபுரம் மாதிரி ஸ்டேஷனுக்கு நாளைக் காலையிலேயே கண்ணாடி லிஃப்ட் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாய்பலகை ஒன்று, அதை வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர். தனிப் பெட்டி நிற்கிற இடத்தில் ஒரு கூரை. சக்கர நாற்காலிக்காரர் டிக்கெட் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால், கடைசி நிமிஷத்தில் பிளாட்பாரத்தை மாற்றாதிருப்பது. இதற்குச் சிமெண்டுகூட வேண்டாம். லிஃப்ட் உள்ள ஊர்களில், அதன் சாவி ஊருக்குப் போன சிப்பந்தியின் இடுப்பில் இல்லாமல் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்.