கணக்கு வேஷமும் மூலதனத்தின் விலையும்

கம்பெனிகள் தங்கள் இலாபத்துக்கு மெருகிட்டுக் காட்டும் வழக்கம் புதிதன்று. அடுத்த வருஷத்து விற்பனையை இவ்வருஷத்தில் பதிவதும், இவ்வருஷத்துச் செலவை அடுத்ததற்குத் தள்ளுவதும், வாராக்கடனை வரும் கடனென்று வைத்திருப்பதும் அதன் வகைகள். இதனால் யாருக்கு நஷ்டமென்று சில டைரக்டர்கள் கேட்கக்கூடும். அந்தக் கம்பெனிக்கே என்று சொல்லுகிறோம்.

பங்கு மூலதனத்துக்கு வட்டியில்லை. ஆகையால் அது இனாமாக வந்த பணமென்று நினைப்பது பேதைமை. பங்கொன்றுக்கு வருஷந்தோறும் 10 ரூபாய் நிலையாகக் கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்துப் போதுமென்பவன் அதற்கு 100 ரூபாய் கொடுப்பான். கணக்கில் சந்தேகங்கொண்டு நூற்றுக்கு இருபது கேட்பவன் 50 ரூபாய்க்கு மேல் கொடான். ஒரு லக்ஷம் ரூபாய் திரட்ட 1,000 பங்குக்குப் பதில் 2,000 விற்கவேண்டிவரும். பழைய பங்குதாரரின் பாத்தியதை அவ்வளவுக்குக் கரைந்துபோகிறது.

சுரக்குடி மிராசுதாருக்கு இது விளங்காத சாஸ்திரமன்று. நாலு பேர் ஈர நெல்லைக் கலந்து அளந்தால், வியாபாரி ஊர் நெல் முழுவதற்குமே கழிவு பிடிக்கிறான். உலர்த்திக் கொடுத்தவனும் அதில் அகப்படுகிறான்.

மெருகு முற்றிப் பொய்யானதற்கு ஹைதராபாத் சத்யம் கம்பெனியே சாக்ஷி. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தாமே எழுதிய கடிதத்தில், கணக்கிலிருந்த ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாததென்று ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரில் முடிந்த மூன்று மாதத்தில் 61 கோடியாயிருந்த தொழில் இலாபம் 649 கோடியென்று காட்டப்பட்டிருந்தது. அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் டெக் மஹிந்திராவுக்குப் புதுப் பங்குகளை 58 ரூபாய் வீதம் கொடுத்தே கம்பெனி பிழைத்தது. அதற்கு முந்திய வருஷத்தில் அதே பங்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் விலைபோனது! புது மூலதனத்துக்குக் கொடுத்த விலையை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இலாபக் கணக்கு ரொக்கத்தோடு ஒட்டாத கம்பெனிகளிடம் சந்தை அதிக வரும்படி கேட்கிறதென்று அமெரிக்கப் பண்டிதர் சிலர் 2005-ல் எழுதினர். வேறு சிலர் 2008-ல் அதை மறுத்தனர். சில்லறை மெருகைச் சந்தை எப்போதும் உடனே கண்டுபிடிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் வெளிப்பட்ட தினத்தில் பாக்கியை மொத்தமாக வசூலிக்கிறது.

2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளில் ஆடிட்டர்கள் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதைத் தடுத்தது நல்லதே. எனினும் ஆடிட்டரின் கூலியைக் கம்பெனியே கொடுக்கிறது. பாங்கியிலுள்ள இருப்பைக் கம்பெனியின் கைவழியாக வரும் காகிதத்தைக் கொண்டு ஒப்பாமல், பாங்கியிடமே நேரில் கேட்டறிந்து கையொப்பமிட வேண்டுமென்று பங்குதாரர்கள் வருஷாந்தரக் கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டும்.