அனுமதி கிடைத்தால் மட்டும் போதுமா?

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் குடும்பமே தலைநிமிர்கின்றது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறிய கமக்காரக் குடும்பங்களுட் சில இன்றுவரை சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. அவர்களது பேரப்பிள்ளைகள் இன்று பட்டப்படிப்புக்குச் செல்லும் வயதில் இருக்கின்றனர். காணியை இழந்தோருக்கு எவரும் பறிக்க முடியாத சொத்து கல்வியே. ஆயினும் அனுமதி பெறுவது ஒன்று. கற்று முடிப்பது வேறொன்று.

உயர்தரம் வரை எமது பிள்ளைகள் ரியூசனில் சொல்லப்படுவதை எழுதி, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, மனனஞ்செய்தே தேறுகின்றனர். பல்கலைக்கழகத்தில் அது போதாது. விரிவுரையாளர் வழியைக் காட்டுவார். நூலகத்தில் தேடி வாசிப்பது மாணவரின் பொறுப்பு. மருத்துவம், பொறியியல், விவசாயம் போன்றவை ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்துக்குச் செல்லும் பிள்ளை, தகப்பனின் தோட்டத்தில் பார்த்துப் பழகிய மண்ணையும் பயிரையும் புதிய மொழியில் கற்க வேண்டியுள்ளது. முதல் வருடத்தில் தடுமாறும் பிள்ளை, 'எனக்கு மூளை போதாது' என்று முடிவுகட்டி வீடு திரும்புவதே நாம் அஞ்சும் ஆபத்து. கற்கும் முறையைப் பழகிக்கொள்ளலாம் என்பதை யாரும் அப்பிள்ளைக்குச் சொல்வதில்லை.

தோட்டஞ்செய்வோருக்கு அம்முறை இலகுவில் விளங்கும். வெங்காயத்துக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் இறைப்பாருண்டா? படிப்புக்கும் முறைவைத்தே இறைக்க வேண்டும். கற்றதிற் பெரும்பகுதி விரைவில் மறந்துபோவதையும், இடைவெளிவிட்டு மீட்டுப் படித்தால் நிலைப்பதையும் ஜேர்மனிய அறிஞர் எபிங்கௌஸ் 1885ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். எனவே விரிவுரை நடந்த அன்றே ஒருமுறை, சில நாட்களில் மறுமுறை, அடுத்த வாரம் இன்னொருமுறை மீட்டல் நல்லது. பரீட்சைக்கு முதல்நாள் இரவிரவாக விழித்திருந்து பயனில்லை.

மீட்கும்போது குறிப்பை மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதிப் பார்க்க வேண்டும். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட இவ்வாறு எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஒருவர் வயலில் மற்றவர் கைகொடுப்பது போல, நாலைந்து பேர் கூடி ஒருவருக்கொருவர் பாடத்தை விளக்குவதும் பெரும் பலன் தரும். புதிய ஆங்கிலச் சொற்களைச் சிறு கொப்பியில் நாள்தோறும் எழுதிவந்தால், பாடநூல் மீதான பயம் படிப்படியாகக் குறையும்.

பெற்றோரே, 'நாங்கள் படிக்கவில்லை, எங்களுக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்காதீர்கள். விடுமுறையில் வரும் மகளிடம், "என்ன படிச்சனி பிள்ளை? எனக்கு விளங்கச் சொல்லு" என்று கேளுங்கள். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் அவளுக்குப் பாடம் விளங்கிவிட்டது. முடியாவிட்டால் எங்கே மீட்க வேண்டும் என்பதை அவளே அறிந்துகொள்வாள். வீடு சிறியதாயினும் மாலையில் இரண்டு மணித்தியாலம் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, அவளை வேறு வேலைக்கு அழைக்காமல் விடுங்கள்.

பங்குகளுக்கும் கடமையுண்டு. ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை மாலையில் திறந்து, விளக்கும் மேசையும் கொடுப்போம். பட்டம் பெற்ற மூத்தவர்கள் கிழமையில் ஒருநாளாவது அங்கே வந்து, தாம் படித்த முறையை இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கைக்கெட்டிய இடத்தை எமது பிள்ளைகள் இடைநடுவில் இழந்துவிட நாம் விடலாகாது.