சனிக்கிழமை இரவில் தேடப்படும் வாசகர்

அச்சில் ‘பலி’ என்று இருக்கிறது. ஒலிபெருக்கியில் ‘பழி’ என்று வருகிறது. ‘நிலைவாழ்வு’ என்பது ‘நிலைவால்வு’ ஆகிவிடுகிறது. குரோம்பேட்டையிலிருந்து ஊரப்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இருக்கும் கோயில்களில் ஓராண்டு விடாமல் ஞாயிறு வழிபாட்டுக்குப் போனவர் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்குவார்கள். பெரியவர்கள் தரையைப் பார்ப்பார்கள். வாசித்தவர் வழக்கமான முடிவு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வாசகமேடையிலிருந்து இறங்கிவிடுவார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாசகம் அவர் கைக்கு வந்த கதை அப்படி. சனிக்கிழமை இரவு பத்தரைக்கு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா எழுதுகிறார்: “தம்பி, நாளைக்கு ஏழரை பூசை நம்ம அன்பியத்துக்கு. ரெண்டாம் வாசகம் நீங்க பாத்துக்கோங்க.” தம்பி அப்போதுதான் சோழிங்கநல்லூரில் வேலை முடிந்து, மேடவாக்கம் நெரிசலில் வண்டியோடு நிற்கிறார். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறார். தயாரிப்பு அவ்வளவுதான்.

தாம்பரத்துக் கிறிஸ்தவர்களில் கணிசமானோர் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக்காரர்கள்; எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி வீடு பிடித்தவர்கள். இவர்களில் வயதானவர்களுக்குக் கோயில்பிள்ளையை நன்றாகத் தெரியும். மணி அடிப்பது, பீடத்துக்கு விரிப்பு போடுவது, செபமாலை சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, சாமியார் வர முடியாத நாளில் சாவு வீட்டுக்குப் போய்ச் செபிப்பது, எல்லாம் அவர் ஒருவரே. சீர்திருத்தச் சபை ஊர்களில் அந்த இடத்தில் உபதேசியார் இருந்தார். வழக்கம் பழையது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தான் இல்லாத நாளில் செபம் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார். தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனும் அதற்கு முன் உபதேசியாராக இருந்தவர்தான்.

ஆக, தமிழ்நாட்டில் வழிபாட்டை முன்நின்று நடத்திய பொதுநிலையினர் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்தவர்கள். கூலி சொற்பம், பல ஊர்களில் மரியாதையும் சொற்பம். ஆனால் ஒன்று இருந்தது. கோயில்பிள்ளை தப்பாக வாசித்தால் சாமியார் அன்றைக்கே கூப்பிட்டுத் திருத்துவார். புறநகரில் நாம் அந்த ஒருவரின் வேலையைப் பத்தாக உடைத்து, பத்துப் பேருக்குச் சும்மா செய்யக் கொடுத்திருக்கிறோம். சும்மா செய்பவரை யார் திருத்துவது? “பாவம், நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்” என்று விட்டுவிடுகிறோம். மீறி யாராவது சொன்னால், அடுத்த வாரம் அவர் வேறு பூசைக்குப் போய்விடுகிறார். நம் பங்குகளின் வழிபாட்டுக் குழுக்கள் தடுமாறுவது ஆள் பற்றாக்குறையால் என்று சொல்லப்படுகிறது. எனக்குத் தெரிந்தவரை கைகள் போதுமான அளவு இருக்கின்றன. இலவச உழைப்பைத் திருத்தக் கூடாது என்ற கூச்சம்தான் கெடுக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தப் பணிகளுக்குக் கதவு திறந்தது 1963 டிசம்பர் 4 அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பீடப்பணியாளர், வாசகர், விளக்கவுரையாளர், பாடகர் குழுவினர் ஆகியோர் செய்வது உண்மையான வழிபாட்டுப் பணியே என்று 29ஆம் பத்தியில் சொன்னது. குருவுக்கு எடுபிடி என்ற பார்வை ஏட்டளவில் அன்றோடு முடிந்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பொதுநிலை ஆண்களுக்குக் கொடுத்தார். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பெண்களுக்கும் விரித்தார். நம் பங்குகளில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான் என்பதால், ரோமாபுரி தாமதமாக வந்து சேர்ந்தது என்றே சொல்ல வேண்டும். இந்த வரலாற்றை நம் கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்கிறோம். அதே 29ஆம் பத்தி, இந்தப் பணியாளர்கள் தங்கள் பங்கை ஒழுங்காகச் செய்யப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் இதைப் படித்து ஆறுதல் அடைய வேண்டாம். பொதுநிலையினர் எதுவரை போகலாம் என்ற வழக்கு அவர்கள் வீட்டில் இன்னும் சூடாக நடந்திருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஒன்றிப்புப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 வரை இழுத்தது. குருப்பட்டம் பெறாதவர் திருவிருந்து நடத்தலாமா என்ற கேள்வி 1930களில் அதற்குப் பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்றாக இருந்தது. திருவிருந்தைக் குருப்பட்டம் பெற்றவர்களே நடத்துவது என்று கடைசியில் அமைந்தது.

தாம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே குடிவந்தது 1937இல். மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அந்த வளாகத்தில் கூடியபோது, மண்ணுக்குரிய சபைப்பணி, குருக்களுடையதும் பொதுநிலையினருடையதும், அதன் ஆய்வுப் பொருள்களில் ஒன்றாக இருந்தது. தலைமை வகித்த ஜான் மோட் குருப்பட்டம் பெறாதவர். அந்த மாநாட்டை எதிர்நோக்கி, மேலைச் சபை அமைப்பை இங்கே அப்படியே நட்டது சரியா என்று நூல் எழுதிக் கேட்ட சென்னைக்காரர்களில் முக்கியமான இருவர் செஞ்சையாவும் சக்கரையும். இருவரும் வழக்கறிஞர்கள். சக்கரை பிறகு 1941இல் சென்னை மேயரானார். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு அந்தத் தலைமுறை அவ்வளவு யோசித்தது. நமக்கு இரவு பத்தரைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் என்றாகிவிட்டது.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஞாயிறு திருப்பலி ஒன்றில் நற்செய்தியையும் திருப்பாடலையும் விட்டால் இரண்டு வாசகங்கள். ஆண்டுக்கு 104. ஒரு பூசைக்கு 25 வாசகர்கள் இருந்தால் ஆளுக்கு நான்கு முறைதான் வரும். வருடத்தில் நான்கு நாள் செய்கிற வேலை யாருக்கும் பழக்கத்தால் கைவராது. தயாரித்துத்தான் வர வேண்டும். எந்த ஞாயிறுக்கு எந்த வாசகம் என்பது மூன்றாண்டுச் சுழற்சியில் முன்பே அச்சாகியிருக்கிறது. பெந்தக்கோஸ்து ஞாயிறன்று பிரிகியா, பம்பிலியா, கப்பதோக்கியா என்று நாக்கைச் சுளுக்கும் ஊர்ப் பெயர்கள் வரும் என்பது யாருக்கும் திடீர்ச் செய்தி இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ். தாம்பரத்தைச் சுற்றிய பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் திணறும். வாசகத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கைபேசியில் வைத்து வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டால் ‘பலி’ எப்படிப் பிழைக்கும்? அந்தப் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிடுவது தீர்வாகாது. வாரத்துக்கு ஒரு பக்கம் தமிழைச் சத்தமாக வாசிக்கும் ஒரே இடம் அதற்குக் கோயிலாகத்தான் இருக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து, 1995இல் திண்டிவனம் நடுநிலையம் வெளியிட்ட திருவிவிலியம், பழைய வேதாகமத்தின் வடமொழி அடர்த்தியைப் பெரிதும் குறைத்து, காதுக்கு இதமான தமிழில் இருக்கிறது. அந்த உழைப்பு கடைசி மூன்றடியில், மேடைக்கும் மைக்குக்கும் நடுவில், வீணாகிறது.

முன்னுரை என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. திருப்பலிக்கு ஒரு முன்னுரை, ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு முன்னுரை. வாசகத்தை யாரும் சனிக்கிழமைக்கு முன் பார்ப்பதில்லை. முன்னுரையை மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து எழுதுகிறோம், அடுக்குமொழியோடு. இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அது குட்டிப் பிரசங்கம். வாசகத்தைவிட முன்னுரை நீளமாக இருந்த பூசைகளிலும் நான் இருந்திருக்கிறேன், ஒருமுறை அதை எழுதியவனாகவே. பாடகர் குழுக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: வாரம் ஒரு புதுப்பாட்டு இறக்கினால் சபை வாயை மூடிக்கொள்ளும்.

இது குரல் வளத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பீடத்தருகே யார் ஏறலாம் என்பது தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதியோடு பின்னிக்கிடக்கும் கேள்வி. உளுந்தூர்பேட்டையை அடுத்த எறையூரில் 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். வாசகம் வாசிக்கவும் பீடத்தில் உதவவும் தங்களுக்கு இடமில்லை என்பதும் அங்கிருந்த தலித் கிறிஸ்தவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. புறநகரில் அவ்வளவு அப்பட்டமாக எதுவும் நடப்பதில்லை. பட்டியல் என்று ஒன்று ஒட்டப்படாத பங்கில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்தவரைக் கேட்பார். தெரிந்தவர் அதே ஊர்க்காரராக, சொந்தக்காரராக இருப்பார். ஒரே ஆறு குடும்பங்கள் பதினைந்து ஆண்டுகளாக வாசிக்கும். மற்றவர்கள் நாற்காலி அடுக்குவார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை என்று சத்தியமே செய்யலாம்.

ஆகவே பங்குப்பேரவைகளுக்கும் சேகரக் குழுக்களுக்கும் ஒரு விண்ணப்பம். மூன்று மாதத்துக்கான பெயர்ப் பட்டியலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் ஒரே பொறுப்பில் இருக்க வேண்டாம். வார நாள் மாலையில் பயிற்சி வைத்தால் வேளச்சேரியிலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் யாராலும் வர முடியாது. ஞாயிறு வழிபாடு முடிந்ததும், அடுத்த வாரம் வாசிக்கப் போகிறவர்கள் பதினைந்து நிமிடம் நின்று, அதே மைக்கில், மின்விசிறிகள் ஓடும்போதே ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இல்லாத பங்கு இந்தப் பக்கம் அபூர்வம். அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, திருத்தும் உரிமையை அவருக்கு எல்லார் முன்னிலையிலும் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

திருவருகைக்காலத்தோடு புதிய வழிபாட்டு ஆண்டு தொடங்குகிறது. பட்டியலை அதற்கு முன்பே போடுங்கள். இரண்டாம் வாசகத்துக்கு என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்; பவுலடிகளின் நீண்ட வாக்கியங்களில் எனக்கும் மூச்சு முட்டுகிறது.