அசுரன் வந்த வாசலில் அவ்வா

ஐப்பசி பிறந்ததும் தோழர்களின் பதிவுகளில் நரகாசுரன் வந்துவிடுகிறான். கொல்லப்பட்டவன் நம் பாட்டன், அவன் சாவை நாமே எப்படிக் கொண்டாடுவது என்று. பெரியார் எழுப்பிய கேள்வி அது. அவருக்கும் முன்னால், 1907இல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்து முழுகியதைக் கொண்டாடிய பௌத்தர்களின் நாளே தீபாவளி என்றார். இருவரிடமும் கற்றவள்தான் நான். ஆனால் அஞ்செட்டியில் வளர்ந்தவளுக்கு இந்த விவாதம் பாதியிலேயே நின்றுவிடுவதாகப் படுகிறது.

எங்கள் பக்கம் கர்நாடக எல்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் கேட்கும். தமிழ் வீடுகளில் நரகாசுரனைக் கொன்றதோடு பண்டிகை முடிந்துவிடும். கன்னட வீடுகளில் அமாவாசைக்கு மறுநாள் பலிபாட்யமி. வாமனன் மிதித்துப் பாதாளத்தில் தள்ளிய பலிச் சக்கரவர்த்தி தன் மக்களைப் பார்க்க வரும் நாள். சாணத்தில் பலியைப் பிடித்து, பூ வைத்து வாசலில் வைப்பார்கள். கர்நாடகத்தில் அதற்கு அரசு விடுமுறையே உண்டு. ஓணத்துக்கு வரும் மாவேலியும் இவர்தான். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் நம் அரசனாக மீட்டெடுத்ததும் இவரைத்தான்.

அப்படியானால் அசுரனை வரவேற்கும் பண்டிகை ஏற்கெனவே இங்கே இருக்கிறது. அதனால் சாதிக்கு என்ன ஆயிற்று?

அந்தச் சாணத்தை அள்ளியவர் என் அவ்வா. ஊரில் ஒரு பெரிய வீட்டின் மாட்டுக் கொட்டகையைக் கூட்டுவது அவர் வேலை. பண்டிகையன்று விடியலிலேயே கூட்டி முடித்து, பலி பிடிக்கச் சாணம் எடுத்து வைத்துவிட்டு, போசியோடு தெருவில் போய் நிற்பார். அசுர ராஜா வாசலில் பூவோடு உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்து, வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகு, முந்தின நாள் கச்சாயமும் வடையும் எட்ட இருந்து போசியில் விழும். அதற்கு இனாம் என்று பெயர். வருடம் முழுக்கக் கூட்டிய கூலியில் பாதி இப்படித்தான் கழிந்தது.

அதை நிறுத்தியது எந்த மறுவாசிப்பும் இல்லை. சித்தப்பா ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தார். தீபாவளிக்கு போனஸ் வந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவர் வாங்கி வந்த ஸ்வீட் பெட்டியைப் பார்த்து, "யாருடா குடுத்தாங்க?" என்றார் அவ்வா. "யாரும் குடுக்கலம்மா, என் காசு."

அந்த வருடம் அவ்வா போசியை எடுக்கவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். வரமாட்டேன் என்று நேராகச் சொல்ல இன்னும் சில வருடங்கள் ஆயின.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் அதே சிப்காட்டுக்குக் காண்ட்ராக்ட் ஆட்களாகப் போகிறார்கள். ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. போன தீபாவளிக்கு எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன் அரைக் கிலோ ஸ்வீட் பெட்டியோடு வந்தான். போனஸ் கேட்டதற்கு, "அதான் ஸ்வீட் குடுத்தோமே" என்றாராம் காண்ட்ராக்டர்.

அவ்வாவின் போசியில் விழுந்ததும் இதுதான், அட்டைப்பெட்டிதான் புதிது. நரகாசுரனுக்காக எழுதும் தோழர்கள் ஒரு ஐப்பசியாவது சிப்காட் கேட்டில் நின்று இதைக் கேட்கலாம். அவனுக்கு வரவேண்டிய தொகையை ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கேட்டா அடுத்த மாசம் கூப்பிட மாட்டாங்கக்கா" என்றான்.